ஆறுதலாகப் படிக்க விடுங்கள்

திருக்கோணமலையில் பின்னேரமும் ஞாயிறும் ரியூட்டரிகளில் தனியார் வகுப்பு நடத்துகிற சேர்மார், ரீச்சர்மாருக்கும், பிள்ளைகளை அங்கே இறக்கிவிட்டு மோட்டார்ச் சைக்கிளில் சாய்ந்தபடி வாசலில் காத்து நிற்கும் என்னைப்போன்ற பெற்றோருக்கும்,

வணக்கம்.

நான் போட் எஞ்சின் திருத்துகிறவன். உட்துறைமுக வீதிப் பக்கம் சின்னக் கடை. கடற்றொழிலாளரின் அவுட்போட் எஞ்சின்கள்தான் பெரும்பாலும் வரும். வாடைக் காற்றுத் தொடங்கி, கடல் கொந்தளித்து, போட்டுகளைக் கரையில் ஏற்றிவிட்டால் கடை நிறைந்துவிடும். கச்சான் காலத்தில் எல்லாரும் கடலில். நான் ஈ ஓட்டுவேன். மடல் எழுதிப் பழக்கமில்லை. இதுவரை எழுதியதெல்லாம் பில் கொப்பியில்தான். பிழை கண்டால் சிவப்பு மையால் சுழித்துவிட்டு மேலே வாசியுங்கள், உங்களுக்கு அது பழக்கம்தானே.

போன தவணைப் பரீட்சை முடிந்து ஒரு கிழமை இருக்கும். இரவு 9.40க்கு மனைவியின் போனில் ஒரு சத்தம். இளையவன் போகிற வகுப்பின் வாட்ஸ்அப் குறூப். கணிதப் புள்ளிப் பட்டியல். 43 பேர். முதல் பத்துப் பேருக்குப் பச்சை, கடைசிப் பத்துப் பேருக்குச் சிவப்பு. எங்கள் பெடியன் 41ஆவது. கீழே ஒரு வரி: மெல்லக் கற்கும் மாணவர்களின் பெற்றோர் ஞாயிறு காலை மேலதிக வகுப்புக்கு உடன் பதிவு செய்யவும். அதற்கும் கீழே மற்றப் பெற்றோர் போட்ட கும்பிடு கைகள் வரிசையாக.

எந்த வகுப்பு, எந்தச் சேர் என்று சொல்லமாட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய மோட்டார்ச் சைக்கிளும் என் கடைக்குத்தான் வரும். அந்தப் பட்டியலைப் போட்டால் பிள்ளைகளுக்கு ரோசம் வரும் என்று நம்பித்தான் போட்டிருப்பார்.

மனைவி ஒன்றும் கதைக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோற்றுப் பானை கழுவப் போனாள். பெடியன் நித்திரை என்றுதான் நினைத்தோம். அடுத்த நாள் பார்த்தால் அவனுடைய கன்னியாக் கொப்பி மேசையில் இல்லை. அலுமாரிக்கு மேலே, பழைய சூட்கேசுக்குப் பின்னால் கிடந்தது. ஒளித்து வைத்திருக்கிறான்.

கன்னியாக் கொப்பி என்றால் என்ன என்று சொல்லத்தான் இந்த மடலே.

போன வருடம் என் அம்மா தவறிப்போனா. அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை: சதுரமாய்க் கட்டிய ஏழு கிணறு, நாலடி ஆழம் இருந்தால் பெரிது, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் வாளால் குத்தி எடுத்த தண்ணீர் என்பது ஐதீகம். ஐயர் ஒரு பக்கம் மந்திரம் சொல்ல, பெரியவர்கள் வாளியால் அள்ளி வார்த்துக்கொண்டிருக்க, இவன் ஏழு கிணற்றிலும் கைவிட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தான்.

"அப்பா, இது மற்றதவிடச் சூடு. பக்கத்தில பக்கத்திலதானே இருக்கு, ஏன் எல்லாம் ஒரே சூடில்ல?"

என்னிடம் பதில் இல்லை. கிரியை நேரம் கேள்வி கேட்கப்படாது என்று ஒரு மாமா உறுக்கினார். அவன் வாயை மூடிக்கொண்டான், கேள்வியை மூடவில்லை. இரண்டு கிழமை கழித்து வீட்டில் கிடந்த காய்ச்சல் பார்க்கிற தேமாமீற்றரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "ஞாயிறு கன்னியாவுக்குப் போவமா?" என்றான்.

காய்ச்சல் தேமாமீற்றர் 42 பாகைக்கு மேல் காட்டாது. கன்னியாச் சூடு அதற்குள் அடங்கிவிட்டது அவனுடைய அதிர்ஷ்டம். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் உண்டு, தாய்மாருக்குத் தெரியும். ஏறின இரசம் (பாதரசம்) தானாக இறங்காது, உதற வேண்டும். முதல் நாள் அதை மறந்துபோனான். எல்லாவற்றிலும் சூடான கிணற்றில்தான் முதலில் விட்டிருக்கிறான் போல. பிறகு ஏழுக்கும் ஒரே அளவு எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் பேச்சில்லை. "கையால தொட்டால் வித்தியாசம் தெரிஞ்சது, தேமாமீற்றர் ஏன் ஒண்டாக் காட்டுது?" இரவுச் சாப்பாட்டில் பாதியில் எழும்பிப் போய்த் தேமாமீற்றரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உதறினான். இரசம் இறங்கியது. எனக்கு அப்போதே தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல படிப்பித்தல் அதுதான்.

அடுத்த ஞாயிறு திரும்பப் போனோம். பிறகு மாதம் ஒரு தரம், இரண்டு தரம். கொப்பியில் கோடு போட்டுத் திகதி, மழையா வெயிலா, குளிக்கிற சனம் கூடவா குறையவா, ஏழு அளவு. சனம் அள்ளி அள்ளி வார்க்கிற நாளில் ஒன்றிரண்டு கிணற்றில் சூடு கொஞ்சம் மாறுகிறது என்று ஒரு சந்தேகம் வைத்திருக்கிறான். சரியோ பிழையோ தெரியாது. அது அவனுடைய சந்தேகம்.

அதற்குப் பிறகுதான் புத்தகம் வந்தது. கன்னியாவுக்குக் கீழே எரிமலை இருக்கா என்று தேடினான். இல்லை. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளால் மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து, இன்னொரு வெடிப்பால் மேலே வருகிறது. அம்பாறை மாவட்டத்து மகா ஓயாவிலும், அம்பாந்தோட்டைப் பக்கத்து மகாபெலஸ்ஸவிலும் இப்படி வெந்நீர் உண்டு. எல்லாவற்றையும் இலங்கைப் படத்தில் பென்சிலால் புள்ளி வைத்துத் தொடுத்தான். உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்று இரண்டு பழைய பாறைத் தொகுதிகள் சந்திக்கிற எல்லையை ஒட்டித்தான் அந்தப் புள்ளிகள் போகின்றன என்று வாசித்துச் சொன்னான். அந்த இரண்டு பக்கத்தை வாசிக்க அவனுக்கு மூன்று இரவு பிடித்தது. வரிக்குக் கீழே விரல் வைத்து, விளங்காத சொல்லுக்கு நின்று, திரும்பப் போய். ஆம், மெல்லத்தான் கற்றான். அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குப் பூசின சிவப்போடுதான் சண்டை.

அவன் பெரிய விஞ்ஞானியாக வரப்போகிறான் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே கொப்பியை விட்டுவிட்டுக் கடற்கரையில் கிரிக்கட் விளையாடப் போகலாம். போகட்டும்.

எங்கள் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது. கெதியாக வேண்டாம், மெதுவாகச் செய் என்பதற்கு நாங்கள் "ஆறுதலாச் செய்" என்போம். "அவசரமில்ல, ஆறுதலா வாங்க." துக்கத்தில் இருக்கிறவனுக்குச் சொல்வதும் ஆறுதல், வேகத்தைக் குறைப்பதும் ஆறுதல். இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த நம் கிழவிமார் எந்தச் சோதனையும் எழுதாதவர்கள். "ஆறுதலாப் படி மகன்" என்று அம்மா சொல்வா. இப்போது அந்தச் சொல் பிள்ளைகளின் காதில் விழுவதில்லை. "கெதியா, கெதியா, வகுப்புக்கு நேரமாச்சு" மட்டும்தான்.

இனி என் கதை. என்னையும் ஒரு பட்டியலில் போட்டால் கீழேதான் நிற்பேன்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்கு வயது 15. ஓஎல் (பதினோராம் ஆண்டில் எழுதுகிற சாதாரணதரச் சோதனை) எழுத வேண்டிய வருடம். ஊரை விட்டு வெளிக்கிட்டோம், முகாம், பிறகு வேறு இடம். திரும்பி வந்தபோது என் வகுப்பு இல்லை, புத்தகம் இல்லை, அப்பாவிடம் போட்டும் இல்லை. எஞ்சின் திருத்துகிற அண்ணர் ஒருவரிடம் போய் நின்றேன். ஸ்பனர் எடுத்துக் கொடுத்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, காதால் படித்தேன். எஞ்சின் ஓடுகிற சத்தத்தில் எது பிழை என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பிளக்கைக் கழற்றினால் அதன் மூக்கு கதை சொல்லும்: பால்தேத்தண்ணி நிறம் என்றால் சுகம், வெள்ளை வெளேர் என்றால் சூடு கூடுது, கறுத்து ஈரமாக இருந்தால் ஒயில் கூட.

ஆனால் நாளாந்த வாழ்க்கை படிப்பிக்கிறது எல்லாம் சரியென்று நினைக்காதீர்கள். அது பொய்யும் படிப்பிக்கும். இரண்டு அடி (ரூ ஸ்ட்ரோக்) எஞ்சினுக்குப் பெற்றோலோடு ஒயில் கலக்க வேண்டும். "ஒயில் கூடினால் எஞ்சினுக்கு நல்லது" என்று அண்ணர் சொன்னார், அவருக்கு யாரோ சொன்னது. 25 லீற்றர் கானுக்கு ஒரு போத்தல் ஊற்று என்றார். ஊற்றினேன். பத்து வருடத்துக்கு மேல் ஊற்றினேன். பிளக் கறுக்கும், கழற்றித் துடைப்பேன், மாற்றுவேன், காசு வாங்குவேன். நான் உண்டாக்கின வருத்தத்துக்கு நானே மருந்து விற்றிருக்கிறேன் என்பது அப்போது தெரியாது.

பிறகு ஒருவர் புது எஞ்சின் எடுத்து, அதோடு வந்த சின்னப் புத்தகத்தைக் காட்டி, "இதில 50:1 எண்டு போட்டிருக்கு, என்ன கருத்து?" என்று கேட்டார். 50 தெரியும். 1 தெரியும். நடுவில் இருக்கிற இரண்டு புள்ளி தெரியாது. எனக்கு 33 வயது. கடை என் பெயரில். வாடிக்கையாளர் முன்னால் நிற்கிறார்.

அந்த இரண்டு புள்ளிக்காகத்தான் நான் திரும்பப் பள்ளிக்கூடப் பிள்ளையானேன். விகிதம் என்று அதை எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பார்கள். அப்போது எனக்குக் கேள்வி இருக்கவில்லை, அதனால் பதில் ஒட்டவில்லை. இப்போது கேள்வி நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டு நின்றது. 50க்கு 1 என்றால் 25 லீற்றருக்கு அரை லீற்றர். நான் ஊற்றின போத்தல் 750 மில்லிலீற்றர். அதாவது 33க்கு 1. ஒவ்வொரு கானிலும் 250 மில்லிலீற்றர் ஒயிலைப் புகையாக்கிக் கடலில் விட்டிருக்கிறேன். அந்தக் கணக்கைப் பில் கொப்பியின் பின்பக்கத்தில் போட்டு முடித்த அன்று கடையைப் பூட்டிவிட்டு டச்சு விரிகுடாவில் போய்த் தனியே இருந்தேன். வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தால் மனிதன் என்ன செய்வான்?

2009இல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஓஎல் எழுத விண்ணப்பித்தேன். 34 வயதில், கையில் கிறீஸ் கறையோடு, பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கடைசி வாங்கில் போய் இருந்தேன். அதுவும் ஒரு ரியூட்டரிதான். இதையும் சொல்ல வேண்டும். இந்த மடல் ரியூட்டரிக்கு எதிரான மடல் இல்லை. அந்தச் சேர் என்னை முதல் நாளே ஒரு பக்கம் கூப்பிட்டார். "உங்களுக்கு விகிதமும் சதவீதமும் முதல்ல பிடிபட வேணும். எட்டாம் ஆண்டுப் பிள்ளையளோட செவ்வாய்க்கிழமை வந்து இருங்க. எத்தனை தரம் வேணுமெண்டாலும் இருங்க" என்றார். ஒரே பாடத்துக்கு மூன்று தரம் இருந்தேன். மூன்றாம் தரம் அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். என்னை மெல்லக் கற்பவர் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த செவ்வாய் நான் போயிருக்கமாட்டேன், எனக்கு ரோசம் அப்படி.

அந்த வருடம் கிண்ணியாவுக்கு வேலைக்குப் போய் வருவேன். அப்போது பாதையில்தான் கடக்க வேண்டும். (இளம் பிள்ளைகளுக்கு: பாதை என்றால் றோட்டு இல்லை, வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை.) காத்திருக்கிற நேரத்தில் கரையில் குந்தியிருந்து பயிற்சிக் கணக்குச் செய்வேன். ஒக்டோபரில் கிண்ணியாப் பாலத்தைத் திறந்தார்கள். ஊரெல்லாம் வெடி கொளுத்தியது. எனக்குப் படிக்கிற நேரம் போய்விட்டது. பாலம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. ஆனால் அவசரம் மிச்சம் பிடித்துத் தந்த நேரம் எங்கே போகிறது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

டிசம்பரில் எழுதினேன். கணிதத்தில் சீ, திறமைச் சித்தி. பெறுபேற்றுத் தாளைக் கடையில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன், கண்ணாடியில் ஒயில் கைரேகை. அதற்கும் சில வருடம் கழித்து, செய்த வேலையையே பார்த்துத் தகைமை கொடுக்கிற ஒரு வழி இருக்கிறது என்று அறிந்தேன்: முன் கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். வகுப்புக்குப் போகத் தேவையில்லை, மதிப்பிடுகிறவர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும், இத்தனை வருடம் செய்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தேசிய தொழில் தகைமையில் 4ஆம் மட்டம் வரை இப்படி எடுக்கலாம். நம் ஊரில் மேசன், தச்சன், தையற்காரி எத்தனை பேருக்கு இது தெரியும்? அரசாங்கமே ஒத்துக்கொள்கிறது, மனிதன் வகுப்புக்கு வெளியேயும் படிக்கிறான் என்று. நாங்கள்தான் பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதை ஒத்துக்கொள்ளமாட்டோம் என்கிறோம்.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். "மெக்கானிக் அண்ணே, சோதனை பாஸ் பண்ணாட்டி ஏழைப் பிள்ளைக்கு வேற ஏணி இல்ல." உண்மை. 1945இல் இலவசக் கல்வி வந்திராவிட்டால் என் தங்கை இன்றைக்கு ரீச்சர் இல்லை. சட்டப்படி 16 வயது வரை பிள்ளை பள்ளிக்கூடம் போகத்தான் வேண்டும், போகட்டும். பல்கலைக்கழகம் போக எழுதுகிற ஏஎல் (உயர்தரச் சோதனை) வெட்டுப்புள்ளி யாருக்காகவும் நிற்காது, அதுவும் தெரியும். வகுப்பு நடத்துகிறவர்களில் பாதிப்பேர் பட்டம் முடித்து வருடக்கணக்காக வேலைக்குக் காத்திருக்கும் எங்கள் பெடியள்தான், அவர்களின் அடுப்பும் எரிய வேண்டும். ஏஎல் பிள்ளைக்கு ஞாயிறு வகுப்பு வைத்தால் நான் வாய் திறக்கமாட்டேன். அது அவன் தெரிந்து ஏறுகிற ஏணி.

நான் கேட்பது ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் ஆண்டு வரையுள்ள பிள்ளையைப் பற்றி. அந்த நாலு வருடத்தில் பொதுச் சோதனை ஒன்றும் இல்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடிந்து, ஓஎல் தொடங்குமுன் கிடைக்கிற மூச்சு அது. அந்த மூச்சையும் விலைக்கு வாங்கியாகிவிட்டது. "பாடசாலைக்கு முன்பே பாடத்திட்டம் பூர்த்தி" என்று பனர் கட்டுகிறீர்கள். யாரை முந்துகிறீர்கள்? பள்ளிக்கூட ரீச்சரையா? பிள்ளை வகுப்பில் இரண்டாம் தரம் அதே பாடத்தைக் கேட்டுக் கொட்டாவி விடுகிறான், ரீச்சர் கேள்வி கேட்டால் விளங்காமலே விடை சொல்கிறான். விடை கேள்வியை முந்திவிட்டால் பிறகு அந்தப் பிள்ளை கேள்வியே கேட்காது.

இந்த ஊரில் சும்மா திரிகிற பிள்ளை என்ன படிக்கும் என்கிறீர்கள். என் கடை வாசலில் ஒரு நாள் வந்து நில்லுங்கள். 2022 ஓகஸ்டில் போட்டுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அடுத்த நாள் காலையில் என் வாசலில் ஐந்தாறு போட்டுக்காரர். ஒருவருடைய மகன், பத்தாம் ஆண்டு, சீமெந்து நிலத்தில் கரித்துண்டால் கணக்குப் போட்டான்: ஒரு தரம் போய்வர எத்தனை லீற்றர், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, ஐஸ், பங்கு, இவ்வளவு கிலோ மீன் பட்டால்தான் கைக்காசு போகாது. தகப்பன் வாயை மூடிக்கொண்டு கேட்டார். "அப்ப நாளைக்குப் போகேலாது" என்றார் கடைசியில். அந்தக் கணக்குக்குப் புள்ளி யாரும் போடவில்லை. அந்த வீட்டில் அன்று என்ன சமைப்பது என்பதை அது தீர்மானித்தது.

மொழியும் அப்படித்தான். மீன் ஏற்றக் கூலர் லொறியில் வருகிற சிங்களச் சாரதிமாரோடு கதைத்துக் கதைத்து என் மூத்தவள் சிங்களம் பிடித்துவிட்டாள். இளையவன் இரண்டு வருடமாக வகுப்பில் இரண்டாம் மொழி படிக்கிறான், தேத்தண்ணி கேட்கத் தெரியாது. எங்கள் கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கம், 1660இல் பிடிபட்டுக் கண்டி ராச்சியத்துக்குக் கொண்டுபோகப்பட்ட றொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெடியனுக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை. ஏறக்குறைய இருபது வருடம் தப்ப முடியாமல் இருந்தான். தொப்பி பின்னப் பழகி விற்றான், நெல் கடன் கொடுத்தான், சிங்களம் சரளமாகப் பேசினான். எந்த ரியூட்டரியில் படித்தான்? (சிறைப்பட்டால்தான் மொழி வரும் என்று யாரும் இதைப் பிடித்துக்கொண்டு வகுப்புக் கதவைப் பூட்டிவிடாதீர்கள்.)

கோட்டை வாசல் கல்லையும் சொல்ல வேண்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைகிற இடத்தில், இரட்டை மீன் சின்னத்தோடு, எழுத்துச் சிதைந்த தமிழ்க் கல் ஒன்று இருக்கிறதே. உள்ளே கோணேசர் கோயிலுக்குப் போகிற நாளெல்லாம் எத்தனை பிள்ளைகள் அதைக் கடந்து போகிறார்கள். மான்களுக்குப் பழம் கொடுக்க நிற்பார்கள், கல்லுக்கு நிற்பதில்லை. குளக்கோட்டன் என்ற அரசனையும் பறங்கியர் என்ற போர்த்துக்கீசரையும் வரலாற்றுப் பாடத்தில் மனனம் செய்த பிள்ளை, அந்தப் பெயர் கல்லில் பாதியாய் நிற்பதைத் தன் கண்ணால் எழுத்துக்கூட்டி வாசித்ததில்லை. நின்று வாசிக்க அரை மணித்தியாலம் போதும். பன்னிரண்டு மணிக்கு விஞ்ஞான வகுப்பு.

பெற்றோருக்கும் ஒரு சொல். குற்றத்தில் பாதி எங்களுடையது, பாதிக்கு மேலாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று வகுப்புக்குப் போனால் எங்கள் பிள்ளையை நாலுக்கு அனுப்புகிறோம். நான் அனுப்பினேன். அவன் வீட்டில் சும்மா இருந்து விட்டத்தைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும், காசு வீணாகிறது போல. ஆனால் என் கடையில் எஞ்சின் சூடாக இருக்கும்போது நான் திறப்பதில்லை. ஆற விட்டுத்தான் திறப்பேன். சூட்டோடு ஒரு ஆணியைத் திருகினால் மரை போய்விடும் என்று எனக்குத் தெரியும். பிள்ளை விசயத்தில் அது ஏன் மறந்தது?

ஆகையால் சேர்மாரே, ரீச்சர்மாரே, ஒன்பதாம் ஆண்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் மட்டும் மூடினால் பிள்ளைகள் அடுத்த ரியூட்டரிக்குப் போய்விடும் என்ற பயம் எனக்கு விளங்குகிறது. அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் எல்லாருக்கும் எழுதுகிறேன். ஒரு நாள் எல்லாரும் கூடிக் கதைத்து ஒரு முடிவுக்கு வாருங்கள். கோயில் திருவிழாவுக்கு ஒரு கிழமை வகுப்பு நிறுத்தத் தெரிந்த ஊர்தானே இது. புள்ளிப் பட்டியலைக் குறூப்பில் போடாதீர்கள், தேவையென்றால் அந்த வீட்டுக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரு பாடம் பிடிபடாத பிள்ளை கீழ் வகுப்பில் போய்த் திரும்ப இருக்க விரும்பினால் கேலி இல்லாமல் இருக்க விடுங்கள். எனக்கு ஒருவர் விட்டார். கட்டணம் குறையும் என்று யோசிப்பவருக்கு: அந்தப் பிள்ளைகள் உங்களை விட்டு ஓடமாட்டார்கள், நான் ஓடவில்லை.

கன்னியாக் கொப்பி இரண்டு மாதம் அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. போன கிழமை தூசி தட்டும்போது மனைவி எடுத்து, ஒன்றும் சொல்லாமல், தேமாமீற்றரையும் பக்கத்தில் வைத்து, மேசையில் வைத்துவிட்டாள். இரண்டு நாள் அவன் தொடவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் புதுப் பக்கத்தில் கோடு போட்டிருந்தது.

மாரி தொடங்குகிறது. முதல் பெருமழைக்குப் பிறகு வருகிற ஞாயிறு, காலை ஆறு மணிக்கு நாங்கள் கன்னியாவில் நிற்போம். மழைத் தண்ணீர் சேர்ந்தால் ஏழு கிணற்றுக்கும் சூடு குறையுமா என்பது இப்போதைய கேள்வி. குறையும் என்கிறான் அவன். ஆழத்திலிருந்து வருகிற தண்ணீர், அவ்வளவு கெதியாகக் குறையாது என்கிறேன் நான். ஐஸ்கிறீம் பந்தயம். அன்று காலை மேலதிக வகுப்புக்கு அவன் வரமாட்டான். இந்த மடலையே அவனுடைய லீவுக் கடிதமாக எடுத்துக்கொள்ளவும்.

இங்ஙனம்,
ஒரு போட் எஞ்சின் திருத்துநர்,
திருக்கோணமலை.